குமாஸ்தா நாற்காலியை உதறிய டைரக்டர் டேவிட் லீன்

சினிமா பார்ப்பதே பாவம் என்று எண்ணிய குடும்பம் அது. அந்தக் குடும்பத்தில் பிறந்த பிள்ளைதான் பிற்காலத்தில் உலகமெங்கும் கொட்டகைகள் நிரம்பி வழிந்த படங்களை எடுத்தார். சிறந்த டைரக்டருக்கான ஆஸ்கார் பரிசை இரண்டு முறை வாங்கினார். 'சர்' பட்டம் பெற்றார். முதுமையில் நம் பெங்களூருக்கு வந்து, அரண்மனை மைதானத்தில் ஒரு ஊரையே கட்டி, தம் கடைசிப் படத்தை எடுத்துவிட்டுப் போனார்.

அவர்தான் டேவிட் லீன். 'பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்', 'லாரன்ஸ் ஆப் அரேபியா', 'டாக்டர் ஷிவாகோ' ஆகிய படங்களை டைரக்ட் செய்தவர். இங்கிலீஷ் படம் பார்க்கும் பழக்கம் உள்ளவர்களில் இந்த மூன்றில் ஒன்றையாவது பார்க்காதவர்கள் குறைவு.

கண்டிப்பான வீடு

லண்டனை ஒட்டியுள்ள குராய்டன் என்ற ஊரில், 1908-ம் ஆண்டு மார்ச் 25-ந் தேதி டேவிட் பிறந்தார். மேட்டுப்பாளையத்திலிருந்து செல்லும் மலை ரயில் பாதை ஊட்டி வரை போய்ச் சேர்ந்ததும் அதே 1908-ம் ஆண்டுதான். அந்த ரயிலுக்கும் இந்தப் பிள்ளைக்கும் முக்கால் நூற்றாண்டு கழித்து ஒரு தொடர்பு ஏற்பட இருந்தது.

தந்தை பிரான்சிஸ் லீன் லண்டனில் கணக்குத் தணிக்கை செய்யும் கம்பெனியில் இருந்தார். தாய் ஹெலனா. இருவரும் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். எளிய வாழ்க்கை, மவுனப் பிரார்த்தனை, ஆடம்பரத்தை வெறுப்பது ஆகியவை அவர்கள் கொள்கை. பிள்ளைகள் சினிமா கொட்டகைப் பக்கம் போகக்கூடாது என்று கட்டளை.

ஆனால் அந்த வீட்டுக்குப் பெருக்கித் துடைக்க வந்த பெண்மணிக்கு அப்படி ஒரு தடையும் இல்லை. அவர் சார்லி சாப்ளின் படங்களைப் பார்த்துவிட்டு வந்து, அடுப்பங்கரையில் நின்றபடி சாப்ளின் போல நடந்தும் ஓடியும் காட்டுவார். சிறுவன் டேவிட் கண் கொட்டாமல் பார்ப்பான். அவன் பார்த்த முதல் சினிமா அதுதான். திரை இல்லை, விளக்கு இல்லை. வேலைக்காரப் பெண்மணியின் நடிப்பு மட்டுமே!

மக்குப் பிள்ளை

டேவிட்டுக்கு எட்வர்ட் என்று ஒரு தம்பி. தம்பி படிப்பில் கெட்டிக்காரன். பின்னாளில் ஆக்ஸ்போர்டுக்கே போய்ப் படித்தான். அண்ணனோ பள்ளிக்கூடத்தில் கடைசி வரிசை. இவனைக் காலேஜுக்கு அனுப்புவது வீண் செலவு என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள்.

பத்து வயதில் மாமா ஒருவர் டேவிட்டுக்கு ஒரு சிறிய கோடக் கேமராவைப் பரிசாகக் கொடுத்தார். எதிலும் தேறாத பையன் என்று பேர் வாங்கியவன், படம் பிடிப்பதையும் அதைத் தானே கழுவி அச்சிடுவதையும் ஒருவர் சொல்லித் தராமல் கற்றுக்கொண்டான். தன்னாலும் ஒரு காரியம் ஒழுங்காகச் செய்ய முடியும் என்று அவனுக்குத் தெரிந்தது அந்தப் பெட்டிக் கேமராவால்தான்.

13 வயதில் முதன்முறையாக ஒரு படம் பார்த்தான். ஷெர்லக் ஹோம்ஸ் துப்பறியும் ஊமைப் படம். அதன் பிறகு அவனைத் தடுக்க முடியவில்லை.

இந்த நிலையில் குடும்பத்தில் இடி விழுந்தது. தந்தை வேறொரு பெண்ணை விரும்பி, வீட்டை விட்டுப் போய்விட்டார். பக்தியும் கட்டுப்பாடும் மிகுந்த அந்த வீட்டில் இது பெரிய அவமானம். தாய் நொறுங்கிப் போனார். அந்தக் காயம் டேவிட் மனத்தில் கடைசி வரை ஆறவில்லை.

பேரேடும் சினிமா பத்திரிகையும்

படிப்பு முடிந்ததும் தந்தையின் கணக்குக் கம்பெனியிலேயே டேவிட் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். காலையில் ரயில் ஏறி லண்டன் போவது, நாள் முழுதும் பேரேட்டில் எண்களைக் கூட்டுவது, மாலையில் ரயில் ஏறி வீடு திரும்புவது. கூட்டல் சரியாக வருவதே பெரும்பாடு. மாலையானால் சினிமா கொட்டகையே கதி.

வீட்டுக்கு வந்திருந்த உறவுக்காரப் பெண்மணி ஒருவர், டேவிட்டின் அறையைக் கவனித்தார். கணக்கியல் பத்திரிகை ஒன்றுகூட இல்லை. எங்கு பார்த்தாலும் சினிமா பத்திரிகை. இந்தப் பையனை ஏன் சினிமாவிலேயே சேர்த்துவிடக் கூடாது என்று அவர் கேட்டார். வீட்டில் யாருக்கும் தோன்றாத யோசனை அது. டேவிட்டுக்கே அதுவரை தோன்றவில்லை!

1927-ம் ஆண்டு, 19 வயதில், லண்டன் காமான்ட் ஸ்டூடியோவின் படியை மிதித்தார். முதல் மாதம் சம்பளம் கிடையாது. டீ வாங்கி வருவது, பெட்டி தூக்குவது, கிளாப் அடிப்பது போன்ற எடுபிடி வேலைகள். சம்பளம் இல்லாத அந்த வேலையில் அவர் அடைந்த மகிழ்ச்சியை, சம்பளம் வாங்கிய குமாஸ்தா வேலையில் ஒரு நாளும் அடைந்ததில்லை.

கத்தரிக்கோல் கற்றுத் தந்த பாடம்

ஸ்டூடியோவில் அவரை இழுத்தது எடிட்டிங் அறை. எடுத்த பிலிமை வெட்டி ஒட்டிக் கதையாக்கும் இடம். அப்போதுதான் பேசும்படம் வந்த காலம். படத்தையும் ஒலியையும் இசைத்து வெட்டத் தெரிந்தவர்கள் குறைவு. டேவிட் அதில் கைதேர்ந்தார். நியூஸ் ரீல்களை எடிட் செய்தார். அங்கே நேரம் என்பதே கிடையாது. காலையில் வந்த பிலிம் மாலையில் கொட்டகைக்குப் போயாக வேண்டும். எந்த இடத்தில் வெட்டினால் மக்கள் நிமிர்ந்து உட்காருவார்கள் என்பதை அந்த அவசரம் அவருக்குக் கற்றுக் கொடுத்தது.

1938-ல் வந்த 'பிக்மேலியன்' உள்படப் பல படங்களை எடிட் செய்து, இங்கிலாந்தின் முதல் வரிசை எடிட்டர் ஆனார். சில்லறைப் படங்களை டைரக்ட் செய்ய வாய்ப்பு வந்தபோது மறுத்தார். முதல் படம் மட்டமாகப் போனால் அதோடு முடிந்தது என்பது அவர் எண்ணம். காத்திருந்தார்.

1942-ல் காத்திருந்ததற்குப் பலன் கிடைத்தது. நாடகாசிரியர் நோயல் கவர்ட் கடற்படையைப் பற்றி 'இன் விச் வீ செர்வ்' என்ற யுத்தப் படத்தை எடுக்க முனைந்தார். அவருக்கு சினிமா தொழில்நுட்பம் தெரியாது. துணைக்கு டேவிட் லீனை அழைத்தார். இருவர் பெயரும் டைரக்டர்களாகத் திரையில் வந்தன. டீ வாங்கிக் கொடுத்த பையன் டைரக்டர் ஆக 15 ஆண்டுகள் பிடித்தன.

ரயில் நிலையத்தில் ஒரு காவியம்

பின்னர் வந்ததுதான் 1945-ம் ஆண்டின் 'பிரீப் என்கவுண்டர்'. பெரிய நட்சத்திரங்கள் இல்லை. சண்டை இல்லை. ஒரு ரயில் நிலையம், அங்கே ஒரு சிற்றுண்டிச் சாலை. குடும்பப் பெண் ஒருத்தியின் கண்ணில் தூசி விழுகிறது. டாக்டர் ஒருவர் எடுத்து விடுகிறார். அவருக்கும் மனைவி மக்கள் உண்டு. வாரம் ஒருநாள் சந்திக்கிறார்கள். மனம் ஒன்றுகிறது. ஆனால் குடும்பத்தை நினைத்துப் பிரிந்து போகிறார்கள். அவ்வளவுதான் கதை.

யுத்தம் இன்னும் முடியாத நேரம். லண்டனில் குண்டு பயம். ஆகவே வடக்கே லங்காஷயரில் உள்ள கார்ன்போர்த் ரயில் நிலையத்தைத் தேர்ந்தார்கள். பகலில் ரயில்கள் ஓட வேண்டும் என்பதால் இரவில்தான் ஷூட்டிங். 1945 பிப்ரவரிக் குளிரில், நள்ளிரவில் கடந்து போகும் எக்ஸ்பிரஸ் ரயில்களின் புகையையும் ஊதலையும் லீன் கதைக்குள்ளே கொண்டு வந்தார். வண்டி வருவதும் போவதும் அந்தப் பெண்ணின் நெஞ்சு படபடப்பதும் ஒன்றாகவே தோன்றும்.

வீட்டை உடைத்துக் கொண்டு போன தந்தையின் மகன், வீட்டை உடைக்காமல் திரும்பிய பெண்ணின் கதையை எடுத்தார் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். ஆனால் லீனின் சொந்த வாழ்க்கை அப்படி அமையவில்லை. அவரும் இளம் வயதில் முதல் மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுப் பிரிந்தவர்தான். மகன் பீட்டருக்குத் தந்தையோடு இருந்த நாட்கள் மிகக் குறைவு. எந்தக் குற்றத்துக்காகத் தந்தையை நொந்தாரோ, அதே குற்றத்தை மகனும் செய்தார். மொத்தம் ஆறு திருமணங்கள். அவற்றில் ஒருவர் நம் நாட்டவர். ஐதராபாத்தைச் சேர்ந்த லீலா மட்கர் என்பவரை 1960-ல் மணந்தார். அந்த மணவாழ்வும் 1978-ல் விவாகரத்தில் முடிந்தது.

டிக்கன்ஸ் கதைகள்

சார்லஸ் டிக்கன்சின் நாவல்களை 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' (1946), 'ஆலிவர் ட்விஸ்ட்' (1948) என்று படமாக்கினார். முதல் படத்தின் தொடக்கத்தில், காற்றடிக்கும் கல்லறைத் தோட்டத்தில் சிறுவன் ஒருவனைத் தப்பி வந்த கைதி பிடித்துக் கொள்ளும் கட்டத்தில் கொட்டகையே திடுக்கிட்டுக் கத்தும். எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்று தெரிந்த எடிட்டரின் வேலை அது.

'ஆலிவர் ட்விஸ்ட்' வம்பையும் கொண்டு வந்தது. திருட்டுக் கூட்டத் தலைவன் பேகின் வேடத்தில் அலெக் கின்னஸ் வைத்துக் கொண்ட பெரிய மூக்கு, யூதர்களை இழிவு செய்வதாகக் கண்டனம் எழுந்தது. ஹிட்லர் யூதர்களைக் கொன்று குவித்து மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அமெரிக்காவில் 1951 வரை படம் வெளிவரவில்லை. பல காட்சிகளை வெட்டிய பிறகே வெளிவந்தது.

குவாய் நதிப் பாலம்

1957-ல் வந்த 'பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' லீனை உலக டைரக்டர் ஆக்கியது. ஜப்பானியரிடம் கைதியான பிரிட்டிஷ் கர்னல் ஒருவர், எதிரிக்காக ரயில் பாலம் கட்டும் வேலையைக் கவுரவப் பிரச்சினையாக எடுத்துக் கொண்டு, அதை நேர்த்தியாகக் கட்டி முடிக்கிறார். கடைசியில் அந்தப் பாலத்தைத் தன் நாட்டவரே தகர்க்க வரும்போது தடுக்கவும் பார்க்கிறார். கடமையே ஒரு வெறியாக மாறினால் என்ன ஆகும் என்பதுதான் கதை.

சிலோனில் கித்துல்கல என்ற இடத்தில் களனி ஆற்றின் மீது உண்மையாகவே ஒரு மரப்பாலம் கட்டினார்கள். பாலம் வெடிக்கும் காட்சியை 1957 மார்ச் 10-ந் தேதி எடுப்பதாக ஏற்பாடு. சிலோன் பிரதமர் பண்டாரநாயக்காவும் வந்திருந்தார். ரயில் புறப்பட்டு விட்டது. ஆனால் கேமராமேன் ஒருவர் ஆபத்தில்லாத இடத்துக்குப் போய்ச் சேரவில்லை என்று தெரிந்தது. லீன் வெடியை நிறுத்தினார். ஆளில்லாமல் ஓடிய ரயில் பாலத்தைக் கடந்து போய் ஒரு ஜெனரேட்டரில் மோதியது. இரவோடு இரவாகச் சரி செய்து, மறுநாள் காலை மீண்டும் ஓட்டினார்கள். பாலம் வெடித்தது. ரயில் ஆற்றில் விழுந்தது. படம் ஏழு ஆஸ்கார் பரிசுகளை அள்ளியது. அதில் ஒன்று லீனுக்கு.

இந்தப் படத்தைப் பற்றி நம்மவர் தெரிந்து கொள்ள வேண்டிய இன்னொரு சங்கதியும் உண்டு. சயாம் - பர்மா ரயில் பாதை 415 கிலோமீட்டர் நீளம் உள்ளது. 1942, 43-ம் ஆண்டுகளில் ஜப்பானியர் அதைப் போட்டார்கள். போர்க் கைதிகள் சுமார் 60 ஆயிரம் பேர் அதில் வேலை செய்தார்கள். 12 ஆயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். ஆனால் ஆசியக் கூலிகள் அதைவிடப் பல மடங்கு. ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் என்றும், அவர்களில் சுமார் 90 ஆயிரம் பேர் மாண்டார்கள் என்றும் மதிப்பிடுகிறார்கள். அவர்களில் மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டு போகப்பட்ட தமிழர்கள் ஏராளம். காலராவுக்கும் பசிக்கும் பலியானவர்களுக்குத் தனித்தனிக் கல்லறைகூட இல்லை. லீனின் படம் கர்னலின் கதை. தமிழ்க் கூலியின் கதைக்கு அதில் இடம் இல்லை. படம் உயர்ந்த படம்தான். ஆனால் முழுக்கதை அது அல்ல.

பாலைவனமும் பனியும்

அடுத்தது 'லாரன்ஸ் ஆப் அரேபியா' (1962). ஜோர்டான் பாலைவனத்தில் வெயிலில் கிடந்து எடுத்தார். அடிவானத்தில் கானல் நீரின் நடுவே ஒரு கரும்புள்ளி தோன்றி, மெல்ல மெல்ல ஒட்டகத்தில் வரும் மனிதனாக மாறும் காட்சி உலகப் புகழ் பெற்றது. அப்படி வருபவர் ஓமர் ஷெரீப். அந்தக் காட்சிக்கென்றே நீண்ட லென்ஸ் ஒன்றைத் தருவித்தார்கள். நம் இந்தி நடிகர் ஐ. எஸ். ஜோஹரும் இந்தப் படத்தில் காசிம் என்ற வேடத்தில் நடித்திருக்கிறார். இதற்கும் ஏழு ஆஸ்கார். லீனுக்கு இரண்டாவது பரிசு.

'டாக்டர் ஷிவாகோ' (1965) ரஷ்யக் கதை. ரஷ்யாவில் அந்த நாவலுக்கே தடை. ஆகவே மாஸ்கோ வீதியை ஸ்பெயினில் கட்டினார்கள். வெயில் கொளுத்தும் ஊரில் சலவைக்கல் தூளைக் கொட்டிப் பனியாக்கினார்கள். நடிகர்கள் கம்பளிக் கோட்டுக்குள் வியர்த்தபடி குளிரில் நடுங்குவது போல் நடித்தார்கள். ஐந்து ஆஸ்கார். வசூலும் கொட்டியது.

14 ஆண்டு மவுனம்

உயரத்தில் இருந்தவர் ஒரே நாளில் கீழே விழுந்தார். அயர்லாந்தில் எடுத்த 'ரயன்ஸ் டாட்டர்' 1970-ல் வெளிவந்தது. நியூயார்க்கில் சினிமா விமர்சகர்கள் ஒரு ஓட்டலில் அவரை விருந்துக்கு அழைத்தார்கள். பாராட்டுவார்கள் என்று எண்ணிப் போனார். அவர்களோ படத்தை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் போட்டார்கள். 'பிரீப் என்கவுண்டர்' எடுத்தவரா இதை எடுத்தார் என்ற ரீதியில் இடித்துரைத்தார்கள். வந்தவர் வாயடைத்துத் திரும்பினார்.

இரண்டு ஆஸ்கார் வாங்கிய மனிதர், பள்ளிக்கூடத்தில் மக்கு என்று பேர் வாங்கிய பையனாக மீண்டும் ஆகிவிட்டார். படம் எடுக்கும் தைரியமே போய்விட்டது. 14 ஆண்டுகள் ஒரு கதைப் படமும் அவரிடமிருந்து வரவில்லை. இடையில் பவுண்டி என்ற கப்பலில் நடந்த கலகத்தைப் படமாக்க ஆண்டுக் கணக்கில் உழைத்தார். பணம் கிடைக்காமல் அதுவும் நின்றது.

பெங்களூரில் லீன்

75 வயதில் மீண்டும் எழுந்தார். ஈ. எம். பார்ஸ்டர் 1924-ல் எழுதிய 'எ பாசேஜ் டு இந்தியா' நாவலைப் படமாக்க இந்தியா வந்தார். இந்தியாவில் படம் எடுப்பது அவரது பழைய ஆசை. 1950-களிலேயே மகாத்மா காந்தியின் வாழ்க்கையை எடுக்கத் திட்டமிட்டு, பிறகு கைவிட்டவர். அந்த வேலையைப் பின்னர் ரிச்சர்ட் அட்டன்பரோ 1982-ல் முடித்தார்.

பெங்களூர் அரண்மனை மைதானத்தில் சந்திராபூர் என்ற கற்பனை ஊரின் கடைவீதியை லீன் கட்டினார். கதையில் வரும் மராபார் குகைகளுக்கு மூலம் பீகாரில் உள்ள பராபர் குகைகள். ஆனால் லீன் தேர்ந்தெடுத்தது சாவனதுர்க்கா, ராமநகரம் பாறைகளை. மைசூர் லைனில் போகிறவர்கள் பிடதி தாண்டியதும் ஜன்னல் வழியே பார்க்கும் அதே கரும்பாறைகள்தான். சில ஆண்டுகளுக்கு முன் 'ஷோலே' எடுத்ததும் அந்த வட்டாரத்தில்தான்.

ரயில் காட்சிகளுக்கு நீலகிரி மலை ரயில். லீன் பிறந்த ஆண்டில் ஊட்டியை எட்டிய அதே ரயில். ஓடும் வண்டியின் வெளிப்புறத்தில் டாக்டர் அஜீஸ் வேடத்தில் விக்டர் பானர்ஜி தொற்றிக் கொண்டு வரும் காட்சி, பார்ப்பவர் நெஞ்சை அடைக்கும்.

பேராசிரியர் காட்போலே என்ற பிராமணர் வேடத்தை அலெக் கின்னசுக்குக் கொடுத்தார். இந்திய வேடத்துக்கு இந்தியர் கிடைக்கவில்லையா என்ற கேள்வி அப்போதும் எழுந்தது, பிறகும் எழுந்தது. கின்னஸ் லீனோடு ஆறு படங்களில் வேலை செய்தவர். இருவருக்கும் இடையே சண்டை சச்சரவும் உண்டு. இந்தப் படத்தில் அவர் பழகி ஆடிய ஒரு நடனத்தை லீன் வெட்டி எறிந்துவிட்டார். கின்னசுக்கு மனத்தாங்கல்.

இந்தப் படத்துக்குத் திரைக்கதையை லீனே எழுதினார். எடிட்டிங்கையும் தம் கையாலேயே செய்தார். இளமையில் பிடித்த கத்தரிக்கோலை, முதுமையில் மீண்டும் எடுத்தார். 1984 டிசம்பரில் படம் வெளிவந்தது. ஆஸ்காருக்கு 11 பிரிவுகளில் சிபாரிசு ஆயிற்று. டைரக்ஷன், திரைக்கதை, எடிட்டிங் ஆகிய மூன்றில் லீன் பெயர். அவருக்குப் பரிசு கிடைக்கவில்லை. நடிகை பெக்கி ஆஷ்கிராப்டும் இசையமைப்பாளர் மாரிஸ் ஜாரும் பெற்றார்கள். ஆனால் 14 ஆண்டுக்கு முன் ஓய்ந்தவர் ஓயவில்லை என்று உலகம் ஒப்புக் கொண்டது. அதே 1984-ல் 'சர்' பட்டமும் வந்தது.

கடைசி நாட்கள்

அதோடு அவர் நிற்கவில்லை. 80 வயதுக்கு மேல் 'நாஸ்ட்ரோமோ' என்ற நாவலை எடுக்க ஆண்டுக் கணக்கில் உழைத்தார். செட்டுகளுக்கும் நடிகர்களுக்கும் ஏற்பாடு நடந்தது. ஷூட்டிங் தொடங்கச் சில வாரங்களே இருந்தபோது தொண்டைப் புற்றுநோய் முந்திக் கொண்டது. 1991 ஏப்ரல் 16-ந் தேதி லண்டனில் காலமானார். வயது 83.

42 ஆண்டுகளில் அவர் டைரக்ட் செய்தவை 16 படங்கள்தான். 1999-ல் பிரிட்டிஷ் பிலிம் இன்ஸ்டிடியூட் அந்த நூற்றாண்டின் சிறந்த 100 பிரிட்டிஷ் படங்களைப் பட்டியலிட்டபோது, முதல் ஐந்து இடங்களில் மூன்று லீனுக்குக் கிடைத்தன. 'பிரீப் என்கவுண்டர்' இரண்டாவது, 'லாரன்ஸ் ஆப் அரேபியா' மூன்றாவது, 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' ஐந்தாவது.

கார்ன்போர்த் ரயில் நிலையத்தின் பெரிய கடிகாரத்தை இன்றும் ரசிகர்கள் தேடிப் போய்ப் பார்க்கிறார்கள். படத்தில் வந்தது போலவே ஒரு சிற்றுண்டிச் சாலையும் அங்கே அமைந்திருக்கிறது. நம் பக்கத்தில் மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறுகிறவர்களில், டேவிட் லீன் இந்த வண்டியில் ஒரு படம் எடுத்தார் என்று அறிந்தவர்கள் சிலரே. கணக்குப் பேரேட்டில் கூட்டல் தப்பிய அந்த குராய்டன் குமாஸ்தா, தாம் பிறந்த ஆண்டில் ஊட்டியைத் தொட்ட ரயிலைத் தேடி 75-வது வயதில் வந்து சேர்ந்தார்.